எச்ஐவி உள்ள கர்ப்பிணிக்குச் சர்க்கரை: எந்த ரத்த அளவை நம்பலாம்?

கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை பொறுமையைச் சோதிக்கும். 24 முதல் 28 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். இடையில் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எல்லைகள் முறையே டெசிலிட்டருக்கு 92, 180, 153 மில்லிகிராம். இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகாலச் சர்க்கரை.

ஒரே ஊசியில் வேலை முடியாதா என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது எச்பிஏ1சி. சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதே அந்தக் கணக்கு. அணு நெடுநாள் வாழ்ந்தால்தான் ஒட்டல் சேரும். கர்ப்பத்திலோ புதிய அணுக்கள் வேகமாக உருவாவதால் எண் இறங்கும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏறும். எச்ஐவி உள்ளவர்களிடம் இந்தப் பரிசோதனை உண்மைச் சர்க்கரையைக் குறைத்தே காட்டுகிறது. ஜிடோவுடின் போன்ற எச்ஐவி மருந்தால் சிவப்பணு பருத்திருப்பவர்களிடம் இந்தக் குறைவு இன்னும் கூடுதல். ஆக, எச்பிஏ1சி 5.4 சதவீதம் என்று இயல்பாக வந்தாலும் நிம்மதி அடையக் காரணமில்லை. ஃப்ரக்டோசமைன் என்ற இன்னொரு பரிசோதனை ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. கர்ப்பத்தில் அந்தப் புரதங்களில் முக்கியமான ஆல்புமின் நீர்த்துப்போவதால் அதுவும் வழுக்குகிறது.

அடிபோநெக்டின் கொஞ்சம் சுவாரசியமானது. கொழுப்புத் திசு சுரக்கும் இந்தப் புரதம் இன்சுலினுக்குத் துணை நிற்பது. பின்னால் சர்க்கரை வரப்போகும் பெண்களிடம் முதல் மூன்று மாதத்திலேயே குறைவாகத் தென்படுகிறது. ஆனால் ஸ்டாவுடின் போன்ற பழைய எச்ஐவி மருந்துகளால் கைகால் கொழுப்பு கரைந்தவர்களிடமும் அது குறைவுதான். அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பியும் இப்படியே: எச்ஐவியின் நாள்பட்ட அழற்சியே அதை ஏற்றிவிடும். எண் மாறியதற்குக் காரணம் கர்ப்பமா, கிருமியா, மாத்திரையா? ரத்தம் அதைப் பிரித்துச் சொல்லாது. எச்ஐவி இல்லாத பெண்களிடம் வகுத்த எல்லைக் கோட்டை இங்கே அப்படியே பயன்படுத்துவது தவறு என்பது எங்கள் கருத்து.

எனவே குளுக்கோஸ் பரிசோதனைதான் கதி. அதிலும் ஓட்டை இருக்கிறது. குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃப்ளோரைடு தடுக்கிறதே என்பார்கள். அது தடுப்பது சர்க்கரைச் சிதைவின் கடைசிக் கட்டங்களில் வேலை செய்யும் ஈனோலேஸ் நொதியை. முந்தைய படிகள் முதல் ஓரிரு மணி நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெறும் வயிற்றில் 94 இருந்தவரின் குழாய் ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால் 89 என்று அறிக்கை வரும். நோய் இருந்தும் இல்லை என்றாகிவிடும். சிட்ரேட் கலந்த குழாய் இதைச் சில நிமிடங்களில் நிறுத்திவிடும். அது இல்லையென்றால் ஐஸ் கலந்த தண்ணீரில் குழாயை வைத்து, 30 நிமிடத்துக்குள் அணுக்களிலிருந்து பிளாஸ்மா என்ற திரவப் பகுதியைப் பிரித்துவிட வேண்டும்.

சர்க்கரை உறுதியாகி, அதற்கான மாத்திரையான மெட்ஃபார்மின் தொடங்கினால் எச்ஐவி மாத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து, மெட்ஃபார்மின் சிறுநீரில் வெளியேறும் வழியை மறித்து ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும். இதோடு சேரும்போது மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. எச்ஐவி மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது. கிருமி பெருகினால் குழந்தைக்கும் தொற்றலாம். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் பரிசோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். பிரசவத்தில் ரத்தம் போயிருப்பதால் அப்போதும் எச்பிஏ1சி உதவாது.