டிஸ்க் கோடுல லாக் மாத்துற பேட்ச் வந்தா எதைப் பார்க்கணும்

லினக்ஸ் கெர்னல்ல பிளாக் லேயர் பக்கம், அதாவது டிஸ்க்ல படிக்கிற, எழுதுற வேலையை (ஐஓ) கவனிக்கிற பகுதியில, லாக்கை (ஒரே டேட்டாவை ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல தொடாம தடுக்குற பூட்டு) மாத்தி ஒரு பேட்ச் (கோடு மாற்றம்) ரிவ்யூவுக்கு வந்தா, எடுத்த லாக்கை எல்லா ரிட்டர்ன்லயும் விட்டிருக்காங்களா, எரர் பாத்ல விட்டுப்போச்சான்னுதான் நிறைய பேர் பார்க்குறாங்க. அது வேணும்தான், ஆனா அதுல பாதி டூலே பிடிச்சுடும். நம்ம கேட்க வேண்டியது, இந்த லாக் எந்த டேட்டாவைக் காப்பாத்துது, இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது கோடு வேற எதுக்காகக் காத்து நிக்கப் போகுது. சேஞ்ச்லாக்ல (பேட்ச்சோட வர்ற விளக்கத்துல) இதுக்குப் பதில் இல்லன்னா நான் கோடைப் படிக்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுவேன்.

காத்து நிக்கிறதுன்னா லாக்குக்காக மட்டும் இல்ல, இங்கதான் ஆபத்தே இருக்கு. ஐஓ ஷெட்யூலர் (எந்த ஐஓ முதல்ல போகணும்னு முடிவு பண்றது) மாதிரி ஒன்னை மாத்தணும்னா டிஸ்கோட ஐஓ வரிசையை, அதாவது கியூவை, ஃப்ரீஸ் பண்ணுவாங்க, அதாவது புது ஐஓவை உள்ள விடாம, ஏற்கனவே போனது முடியுற வரைக்கும் காத்திருப்பாங்க. இப்போ ஒரு த்ரெட் ஒரு மியூடெக்ஸைப் (கிடைக்கிற வரைக்கும் த்ரெட் தூங்கிக் காத்திருக்குற வகை லாக்) பிடிச்சுக்கிட்டு ஐஓ அனுப்புது, இன்னொரு த்ரெட் கியூவை ஃப்ரீஸ் பண்ணிட்டு அதே மியூடெக்ஸைக் கேட்குதுன்னு வைங்க, ரெண்டும் அப்படியே நின்னுடும், ஆனா கோடுல பார்த்தா லாக் ஒன்னே ஒன்னுதான் தெரியும்.

இதைவிட மோசம் மெமரி. ஃப்ரீஸ் ஆன நேரத்துல சாதாரண ஜிஎஃப்பி கெர்னல் (GFP_KERNEL) ஃபிளாகோட மெமரி கேட்டா, மெமரி தட்டுப்பாடா இருந்தா கெர்னல் பழைய பேஜை ஸ்வாப்புக்கு எழுதி இடம் பண்ணப் பார்க்கும், ஸ்வாப் அதே டிஸ்க்ல இருந்தா அந்த எழுத்து ஃப்ரீஸ் ஆன கியூ வாசல்லயே நிக்கும், கியூவைத் திறக்க வேண்டியவரோ மெமரிக்காக நிக்கிறார். ரேம் தாராளமா இருக்குற டெவலப்பர் மெஷின்ல இது வரவே வராது, லோடு ஏறின சர்வர்லதான் ஒரு டாஸ்க் 120 செகண்டா பிளாக் ஆகிக்கிடக்குன்னு கெர்னலோட பதிவு ஃபைல்ல மெசேஜ் விழும். மெமரிக்காக ஐஓ பண்ணாதேன்னு சொல்ற ஜிஎஃப்பி நோஐஓ (GFP_NOIO) ஃபிளாகைப் போட்டா தப்பிக்கலாம், ஆனா மெமரியை ஃப்ரீஸுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்க முடியுமான்னுதான் நான் முதல்ல கேட்பேன், அதுதான் சுத்தமான வழி.

2006ல வந்த லாக்டெப், அதாவது லாக் எடுக்குற வரிசையைக் கண்காணிக்கிற கெர்னல் டூல், இதையெல்லாம் பார்த்துக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. உண்மையிலேயே அருமையான டூல், டெட்லாக் (ஒன்னுக்காக ஒன்னு காத்து எல்லாம் நின்னுபோறது) நடக்காமலே வரிசை தப்புன்னு சொல்லிடும். ஆனா ஓடின பாதையை மட்டும்தான் அதுக்குத் தெரியும். கியூ ஃப்ரீஸையும் ஒரு லாக் மாதிரி கணக்குல எடுக்க 6.13 கெர்னல்லதான் அதுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க, அது வந்ததே 2025 ஜனவரி.

ஸ்பின்லாக்னா (தூங்காம சுத்திக்கிட்டே காத்திருக்குற லாக்) ஒன்னு மறக்காதீங்க, ஐஓ முடிஞ்ச சேதி பெரும்பாலும் இன்டரப்ட்லதான் (ஓடுற வேலையை நடுவுல நிறுத்தி ஹார்ட்வேர் கூப்பிடுறது) வரும். அங்கயும் அதே லாக் தேவைன்னா வெளியில எடுக்கும்போது இன்டரப்டை நிறுத்தியே ஆகணும். ஏற்கனவே நிறுத்தி வெச்சிருக்குற இடத்துலயிருந்து கூப்பிட வாய்ப்பிருந்தா பழைய நிலையைச் சேவ் பண்ற வகைதான் வேணும், இல்லன்னா அன்லாக் பண்ணும்போது இன்டரப்ட் தானா ஆன் ஆகிடும்.

வேகத்துக்காக லாக்கைப் பிரிச்சேன்னு சொன்னா நம்பர் கேளுங்க. டெஸ்ட் பண்ணியாச்சுன்னு சொன்னா எப்படின்னு கேளுங்க: லாக்டெப் ஆன்ல இருந்துச்சா, மெமரியைக் குறைச்சு ஓட்டினாங்களா, ஃபியோ (fio, டிஸ்குக்கு ஐஓ லோடு குடுக்குற டெஸ்ட் டூல்) லோடு ஓடுறப்பவே ஷெட்யூலரை மாத்தி, டிஸ்கையும் பிடுங்கிப் பார்த்தாங்களா?