இனவழிப்பு: ஆர்மீனியர் வரலாற்றைக் கற்பிக்க ஒரு சொல்

‘ஜெனோசைடு’ என்ற சொல்லுக்குத் தமிழில் இனப்படுகொலை, இனவழிப்பு, இனஒழிப்பு, இனக்கொலை என்று நான்கு சொற்களாவது புழக்கத்தில் இருக்கின்றன. நாளிதழ்களில் அதிகம் கண்ணில் படுவது இனப்படுகொலை. மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது நான் எடுத்துக்கொள்வது இனவழிப்பு. இதற்கான காரணத்தை ஆர்மீனியர்களுக்கு நேர்ந்ததை வைத்தே விளக்கிவிடலாம். ‘ஜெனோசைடு’ என்ற சொல் பிறந்ததற்கே அவர்கள் பட்ட கொடுமை ஒரு காரணம்.

முதலில் சொல்லின் வேர். கிரேக்கத்தில் ‘கெனோஸ்’ என்றால் குலம், பிறப்பால் வந்த கூட்டம். லத்தீனில் ‘கேதேரே’ என்றால் வெட்டுதல், கொல்லுதல். அதிலிருந்து வந்த ‘சைடு’ என்ற ஒட்டு நமக்குப் புதிதல்ல. உரக்கடையில் விற்கும் பெஸ்டிசைடிலும் இருப்பது அதுதான். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக்கியவர் ரஃபேல் லெம்கின், போலந்தைச் சேர்ந்த யூத வழக்கறிஞர். 1944 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான அவருடைய நூலின் ஒன்பதாம் இயலுக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், நாஜிகள் சோவியத் மண்ணில் செய்துகொண்டிருந்த கொலைகளைப் பற்றி வானொலியில் பேசிய சர்ச்சில், பெயரில்லாத ஒரு குற்றத்தின் முன் நிற்கிறோம் என்று சொல்லியிருந்தார்.

லெம்கினுக்கோ அந்தக் குற்றத்துக்குப் பெயரில்லை என்பது மாணவப் பருவத்திலேயே தெரியும். 1921 மார்ச் 15 அன்று பெர்லின் நகரத் தெருவில் சோகோமோன் தெஹ்லிரியான் என்ற ஆர்மீனிய இளைஞர் தலாத் பாஷாவைச் சுட்டுக் கொன்றார். முதல் உலகப்போர்க் காலத்தில், இன்றைய துருக்கியை மையமாகக் கொண்ட ஒட்டோமான் பேரரசின் உள்துறை அமைச்சராக இருந்து ஆர்மீனியர்களை நாடுகடத்த ஆணையிட்டவர் தலாத். சுட்டவர்மீது கொலை வழக்கு நடந்தது. ஜூன் மாதம் நடுவர் குழு அவரை விடுவித்தது. இதைச் செய்தித்தாளில் படித்த லெம்கின் தன் பேராசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறார்: தலாத்தை ஏன் யாரும் கைதுசெய்து விசாரிக்கவில்லை? அப்படி ஒரு சட்டம் கிடையாது என்றாராம் பேராசிரியர். ஒருவன் தன் பண்ணைக் கோழிகளைக் கொன்றால் அடுத்தவர் தலையிட முடியுமா, ஒரு நாடு தன் குடிமக்களை என்ன செய்தாலும் அது அந்த நாட்டின் விவகாரம் என்பதுதான் அன்றைய சட்டப் புரிதல். ஒரு மனிதனைக் கொல்வது குற்றம், பத்து லட்சம் பேரைக் கொல்வது குற்றமில்லையா என்ற கேள்வி லெம்கினை விடவே இல்லை. 1933இல் மாட்ரிட்டில் நடந்த சட்ட மாநாட்டுக்கு இதற்காக ஒரு முன்மொழிவு எழுதினார், ஏற்பார் இல்லை. பிறகு நாஜிகளின் கையில் தன் உறவினர்களில் 49 பேரைப் பறிகொடுத்தார். ‘ஜெனோசைடு’ என்ற சொல் இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் வந்தது.

சரி, ஆர்மீனியர்களுக்கு என்ன நடந்தது?

பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது பிணங்களில் தொடங்கக்கூடாது. அந்த மக்களை உயிரோடு அறிமுகப்படுத்திவிட வேண்டும். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்டோத்ஸ் என்ற துறவி உருவாக்கிய எழுத்தில் இன்றுவரை எழுதிவரும் மக்கள் அவர்கள். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரச சமயமாகக் கிறித்தவத்தை ஏற்றவர்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் அனத்தோலியாவின் கிழக்கு மலைநாட்டில் உழவர்களாகவும், நகரங்களில் கைவினைஞர்களாகவும் வணிகர்களாகவும் வாழ்ந்தார்கள். ஒட்டோமான் ஆட்சியில் அவர்கள் இரண்டாந்தரக் குடிகள். 1894 முதல் 1896 வரை சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் காலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1909இல் அதானா பகுதியில் மறுபடியும் கொலைகள்.

1915 இவற்றிலிருந்து வேறுபட்டது. ஆட்சியில் இருந்த ஒற்றுமை–முன்னேற்றக் குழு, ஆர்மீனியர்களே இல்லாத அனத்தோலியாவை உருவாக்க முனைந்தது. ரஷ்யாவிடம் போரில் தோற்றதும், ஆர்மீனியர்கள் எதிரிக்கு உளவு சொல்கிறார்கள் என்ற பழி கிளப்பப்பட்டது. படையில் இருந்த ஆர்மீனிய இளைஞர்களின் ஆயுதங்களைப் பறித்து, மண் வெட்டவும் சுமை தூக்கவும் அனுப்பி, பின்பு அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றார்கள். ஏப்ரல் 24 அன்று தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், பாதிரியார்கள், அரசியல்வாதிகள் என 200க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துச் சென்றார்கள். தனியேல் வருஜான், சியமாந்தோ போன்ற கவிஞர்கள் திரும்பவே இல்லை. ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பாடல்களை ஊர் ஊராகச் சேகரித்துவந்த இசையறிஞர் கோமிதாஸ் உயிரோடு திரும்பினார், ஆனால் மனம் சிதைந்துபோயிருந்தது. 1935இல் பாரிஸ் அருகே ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். ஒரு இனத்தை அழிக்க நினைப்பவன் அதன் பாட்டையும் எழுத்தையும் காப்பவர்கள்மேல் முதலில் கைவைக்கிறான் என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்க கோமிதாஸ் ஒருவர் போதும்.

மே 27 அன்று வெளியேற்றச் சட்டம் வந்தது. ஊர்களில் ஆண்களைத் தனியே பிரித்து ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டார்கள். வழியெல்லாம் கொள்ளை, பாலியல் வன்கொடுமை, பட்டினி, நோய். அலெப்போவைத் தாண்டி யூப்ரடீஸ் ஆற்றோரம் தெய்ர் எஸ்ஸோர் வரை போய்ச் சேர்ந்தவர்களும் 1916இல் மறுபடி கொல்லப்பட்டார்கள். போருக்கு முன் பேரரசில் இருந்த ஆர்மீனியர்கள் 15 முதல் 20 லட்சம் வரை. இறந்தவர்கள் 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். பத்து லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ சொல்லும் வரலாற்றாய்வாளர்களே அதிகம்.

இங்கேதான் நம் தமிழ்ச்சொல்லுக்கு வர வேண்டும்.

படுகொலை என்ற சொல் உயிர்ப்பலியைச் சொல்கிறது. ஒருவரைக் கொன்றாலும் படுகொலை, ஊரையே கொன்றாலும் படுகொலை. காந்தி படுகொலை என்கிறோம், ஜாலியன்வாலாபாக் படுகொலை என்கிறோம். 1919இல் அமிர்தசரஸில் நடந்தது கொடூரம். ஆனாலும் பஞ்சாபிகள் என்ற மக்களே இனி இருக்கக்கூடாது என்ற திட்டம் டயரிடம் இருந்ததாக யாரும் சொல்வதில்லை. அதனால் அது படுகொலை, ஆனால் ஜெனோசைடு அல்ல. இந்த வேறுபாடு மாணவர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது. அப்புறம் அவர்களே கேட்பார்கள்: எத்தனை பேர் செத்தால் ஜெனோசைடு? இனப்படுகொலை என்ற சொல்லே இந்தக் கேள்வியைத் தூண்டிவிடுகிறது. மனம் உடனே எண்ணிக்கைக்குப் போய்விடுகிறது. சட்டமோ எண்ணிக்கையை அல்ல, நோக்கத்தைப் பார்க்கிறது.

ஐ.நா. பொதுப்பேரவை 1948 டிசம்பர் 9 அன்று ஏற்ற உடன்படிக்கை, தேசிய இனம், மரபினம், நிறவினம், சமயக்குழு ஆகியவற்றில் ஒன்றை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் ஐந்து செயல்களைக் குறிப்பிடுகிறது. அந்தக் குழுவினரைக் கொல்வது முதலாவது. கடுமையான உடல், மனக் கேடு விளைவிப்பது, குழு அழிந்துபோகும்படியான வாழ்நிலையைத் திணிப்பது, பிறப்பைத் தடுப்பது, குழந்தைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் சேர்ப்பது ஆகியவை மற்ற நான்கு. பாலைவன நடை மூன்றாவதில் அடங்கும். ஐந்தாவதைப் பாருங்கள்: அதில் ஒரு உயிர்கூடப் போகாமல் இருக்கலாம். அதைப் படுகொலை என்று எப்படிச் சொல்வது?

ஆர்மீனியர் வரலாற்றில் இதற்குக் கண்முன் நிற்கும் சான்று உண்டு. லெபனானில் பெய்ரூட்டுக்கு வடக்கே அந்தூரா என்ற சிற்றூர். அங்கே கிறித்தவத் துறவியர் நடத்திய கல்லூரியைப் பிடித்து, அப்பகுதியை ஆண்ட ஒட்டோமான் தளபதி ஜெமால் பாஷாவின் ஆட்சி அநாதை இல்லமாக மாற்றியது. ஆயிரத்தை ஒட்டிய பிள்ளைகள், பெரும்பாலோர் ஆர்மீனியர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண்ணும் ஒரு துருக்கியப் பெயரும் கொடுத்தார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. பசியிலும் நோயிலும் சுமார் 300 பிள்ளைகள் இறந்தார்கள். பிழைத்தவர்களை வேறொரு இனமாக வளர்ப்பதுதான் திட்டம். இதுபோல வீடுகளுக்குள் கொண்டுபோகப்பட்டு, சமயமும் பெயரும் மாற்றி வளர்க்கப்பட்ட சிறுமிகள் பல ஆயிரம். அவர்கள் கொல்லப்பட்டோர் கணக்கில் வரமாட்டார்கள். அழிக்கப்பட்டோர் கணக்கில் கட்டாயம் வருவார்கள்.

இதனால்தான் இனவழிப்பு. இனம் + அழிப்பு. இடையில் வகர உடம்படுமெய். அழித்தல் என்ற வினை உயிரையும் தொடும், பெயரையும் தொடும், ஊரையும் எழுத்தையும் தொடும். ‘ஒழிப்பு’ எனக்கு ஒப்பவில்லை. மலேரியா ஒழிப்பு, வறுமை ஒழிப்பு என்று நல்ல காரியங்களுக்கு வழங்கும் சொல் அது. மனிதர்களை நோயாகப் பார்த்த கொலைகாரனின் பார்வை அதில் ஒட்டிக்கொள்ளும். இனக்கொலை வேருக்கு நேரான மொழிபெயர்ப்பு, ஆனால் அதுவும் கொலையோடு நின்றுவிடுகிறது.

‘இனம்’ என்ற பாதியும் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. கிரேக்க ‘கெனோஸ்’ பிறப்பைப் பற்றியது. தமிழில் இனம் அதைவிட அகலமானது. திருக்குறளின் சிற்றினம் சேராமையில் இனம் என்றால் சேர்ந்து பழகும் கூட்டம். வல்லினம், மெல்லினம் என்னும்போது வகை. சமயக்குழுவையும் தேசிய இனத்தையும் காக்க வந்த ஒரு சட்டத்துக்கு இந்த அகலம் தேவைதான்.

ஆர்மீனியர்கள் என்ன சொல்கிறார்கள்? லெம்கினின் சொல் வருவதற்கு முன்பே அவர்களிடம் ‘மெத்ஸ் எகெர்ன்’ இருந்தது: பெருங்குற்றம் என்று சொல்லலாம். ‘அகெத்’ என்றும் சொல்வார்கள், பேரழிவு. பின்னால் ‘செகாஸ்பனுத்யுன்’ என்று தங்கள் மொழி வேர்களிலேயே புதுச்சொல் கட்டினார்கள்; ‘செக்’ இனம், ‘ஸ்பனுத்யுன்’ கொலை. துருக்கிய மொழியிலும் ‘சோய்கிரிம்’ என்று நேரான சொல் இருக்கிறது, ஆனால் துருக்கி அரசு 1915க்கு அதைப் பயன்படுத்த இன்றுவரை மறுக்கிறது. அன்றைய அரசின் சொல் ‘தெஹ்ஜிர்’, இடப்பெயர்ப்பு. துரத்தப்பட்டவர்களின் வீடு, நிலம், கடை எல்லாம் அரசாணைகளில் ‘கைவிடப்பட்ட சொத்து’ ஆயின. யார் கைவிட்டார்கள்? வகுப்பில் இந்த ஒரு தொடரைக் கரும்பலகையில் எழுதி அரை மணிநேரம் பேசலாம். அவ்வளவு இருக்கிறது அதில்.

மறுப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கவனம் தேவை. குற்றம் செய்தது ஓர் ஆட்சி. துருக்கியர் எல்லோரும் அல்லர். அலெப்போவில் ஆளுநராக இருந்த மெஹ்மெத் ஜெலால் பே வெளியேற்ற ஆணையை எதிர்த்ததால் கோன்யாவுக்கு மாற்றப்பட்டார். அங்கும் தன்னால் முடிந்தவரை தடுத்து, பதவியை இழந்தார். 2007 ஜனவரி 19 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மீனியப் பத்திரிகையாளர் ஹ்ராந்த் திங்க் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவருடைய இறுதி ஊர்வலத்தில் ‘நாமெல்லாம் ஆர்மீனியர்’ என்ற பதாகையோடு ஆயிரக்கணக்கான துருக்கியர் நடந்தார்கள். இவற்றைச் சொல்லாமல் விட்டால், ஒரு வெறுப்பைக் காட்டிக் கண்டிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு வெறுப்பைக் கற்பித்துவிடுவோம்.

பாடத்திட்டங்களில் இது இடம்பெறுவது புதிதல்ல. கலிபோர்னியாவில் பத்தாம் வகுப்பு உலக வரலாற்றில், முதல் உலகப்போர் பாடத்தோடு சேர்ந்தே வருகிறது. மிச்சிகன் மாநிலம் 2016இல் யூதர் பேரழிவையும் ஆர்மீனிய இனவழிப்பையும் பெயர்சொல்லிக் கற்பிக்கச் சட்டம் செய்தது. ரொறன்ரோ கல்விச்சபை 2008இல் பதினோராம் வகுப்புக்குக் கொண்டுவந்த பாடத்தில் யூதர், ஆர்மீனியர், ருவாண்டா மூன்றும் இருந்தன. தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பள்ளிகள் அவை. மே 18 அன்று முடியும் ஏழு நாட்களைத் தமிழர் இனவழிப்பு பற்றிய கல்வி வாரமாக ஒன்ராறியோ மாகாணம் 2021இல் சட்டமாக்கியது. ஈழத்தமிழர் பலர் ‘இனவழிப்பு’ என்ற சொல்லைப் பிடிவாதமாக வழங்குவதற்கும், யாழ் நூலகம் எரிக்கப்பட்டதைச் சேர்த்தே அதைப் பேசுவதற்கும் உள்ள காரணம் மேலே சொன்னதிலிருந்து விளங்கும்.

சென்னைப் பிள்ளைகளுக்கு ஆர்மீனியர் அந்நியரும் அல்லர். ஜார்ஜ் டவுனில் அர்மேனியன் தெரு இருக்கிறது; பேச்சுவழக்கில் அது அரண்மனைக்காரன் தெருவாகிப்போனது. அங்குள்ள ஆர்மீனிய தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794இல் வெளியானது மெட்ராஸில்தான். இங்கு வந்தவர்கள் பாரசீகத்து ஜுல்ஃபா பக்கத்து வணிகர்கள், 1915க்கு வெகுமுன்பே வந்தவர்கள். ஆனாலும் ஒரு மக்களை அறிமுகப்படுத்த அந்தத் தெருவிலிருந்து தொடங்கலாம்.

வகுப்பில் எழுதும்போது நான் பின்பற்றும் முறை இது. 1915 முதல் 1923 வரை நடந்தது முழுவதற்கும் ‘ஆர்மீனிய இனவழிப்பு’. அதற்குள்ளோ அதற்கு முன்போ ஓரிடத்தில் ஒரே சமயத்தில் நடந்த கொலைகளுக்குப் ‘படுகொலை’: அதானா படுகொலை, தெய்ர் எஸ்ஸோர் படுகொலைகள். மக்களை ஊரைவிட்டு விரட்டியதற்கு ‘நாடுகடத்தல்’. ‘இடப்பெயர்ப்பு’ என்ற சொல் தேவைப்பட்டால் மேற்கோள் குறிக்குள், இது ஒட்டோமான் அரசின் சொல் என்ற குறிப்போடு மட்டும்.