பிப்ரவரி 14: பிடிக்கவும் செய்கிறது, வலிக்கவும் செய்கிறது

பிப்ரவரி பிறந்தாலே, ஆலோசனைக்கு வருகிறவர்கள் சிலரிடம் காதலர் தினத்தைப் பற்றி ஒரே பேச்சைக் கேட்கிறேன். "இதெல்லாம் வியாபாரம்னு தெரியும் மேடம். ஆனாலும் அவர் கண்டுக்காம விட்டா வலிக்குது." சொல்லிவிட்டு, இதற்குப் போய் வருந்துகிறோமே என்று வெட்கப்படுவார்கள்.

வியாபாரம் என்பது உண்மைதான். 1840களின் கடைசியிலேயே அமெரிக்காவில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண் லேஸ் வைத்த காதலர் தின அட்டைகளை விற்கத் தொடங்கிவிட்டார். ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள் கொடுக்கும் சாக்லேட்டுக்கு ஆண்கள் பதில் செய்ய, மார்ச் 14 என்று இன்னொரு நாளையே இனிப்பு நிறுவனங்கள் கொண்டுவந்தன. காதலர் தினத்தைக் கடைக்காரர்கள் வளர்த்திருக்கலாம். ஒருவருக்கு நாம் முக்கியம் என்று தெரியவேண்டும் என்ற ஏக்கம் நம்முடையது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

தம்பதியரிடம் நான் அடிக்கடி பார்க்கும் சண்டை இது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்கிறார் மனைவி. கணவர் அதை அப்படியே நம்பிவிடுகிறார். அன்று மாலை தோழியின் ஸ்டேட்டஸில் ஒரு பூங்கொத்து. அப்புறம் வீட்டில் பேச்சே இல்லை. "என்ன ஆச்சு?" "ஒண்ணுமில்ல." பொறுமையாகப் பேசவைத்தால் பூ பின்னால் போய்விடுகிறது, குழந்தை பிறந்த பிறகு தன்னிடம் 'சாப்பிட்டாயா' என்றுகூடக் கேட்பதில்லை என்ற ஆதங்கம் வெளியே வருகிறது. கணவருக்கோ, எதை வாங்கினாலும் குறை சொல்வாளோ என்ற பயம். பல மாதத்து மனக்குறை அந்த ஒரு நாள்மீது ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அதனால் ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள் என்கிறேன். "பரிசு வேண்டாம், ராத்திரி போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் என்னோடு இரு" என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்டு வாங்கினால் அதில் என்ன அன்பு என்பார்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்டதை மறக்காமல் செய்கிறாரே, அதுவும் அன்புதான். கொண்டாடவே பிடிக்கவில்லை என்றால், சரி, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

துணையை இழந்தவர்கள், பிரிந்தவர்கள் அன்று சமூக ஊடகங்களை மூடிவைத்துவிட்டு மனசுக்கு நெருக்கமானவரோடு இருங்கள். சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டி, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் காத்திருக்காமல் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கே.