நிலாவும் பார்லி விலையும்

சந்திர கிரகணம் வந்தால் ராஜா உயிருக்கு ஆபத்து. பழைய மெசபடோமியாவில் (இன்றைய ஈராக் பக்கம்) இதை நம்பியதும், ராஜாவிடம் போய்ச் சொன்னதும் நன்றாகப் படித்த அரண்மனைப் பண்டிதர்கள். நிலா வட்டத்தை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நாட்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்த நாட்டு ராஜாவுக்குக் கேடு. அது தங்கள் ராஜாவுக்குத்தான் என்று தெரிந்தால், எவனையாவது பிடித்துச் சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் கொன்றுவிடுவார்கள், கேடு அவனோடு போய்விடுமாம். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னர் எசர்ஹதோன் காலத்தில் நிஜமாகவே நடந்தது இது.

இந்தச் சகுனங்களின் பெரிய தொகுப்பு ‘எனுமா அனு என்லில்’, சுமார் 70 களிமண் பலகைகள். பிறை தெரிந்த அன்று அவர்களுக்கு மாதம் பிறக்கும், அதனால் பௌர்ணமி 14, 15 வாக்கில் வந்துவிடும். ஆனாலும் 20-ஆம் நாள் சந்திர கிரகணம் வந்தால் என்ன பலன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்! வரவே வராது. ஆனால் வரிசை என்று ஒன்று போட்டால் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட வேண்டும் என்ற பிடிவாதம் அவர்களுக்கு.

அந்தப் பிடிவாதம்தான் மெசபடோமிய நகரமான பாபிலோனின் வானியல் நாட்குறிப்புகளிலும் தெரிகிறது. கிடைத்தவற்றில் பழையது கி.மு. 652, கடைசியானது கி.மு. 61. நிலா, கிரகங்கள், மழை, யூப்ரடீஸ் நீர்மட்டம், கூடவே பார்லி, பேரீச்சை, எள், கம்பளி விலை. கி.மு. 323-இல் அலெக்சாண்டர் செத்ததுகூட இரண்டு வார்த்தைதான்: ராஜா இறந்தார். பக்கத்திலேயே, வானில் மேகம்.

சரி, இத்தனை வருஷம் எழுதி என்ன கிடைத்தது? 223 சந்திர மாதம், அதாவது 18 வருஷமும் சில நாட்களும் போனால் அதே மாதிரி கிரகணம் திரும்ப வருகிறது என்ற கணக்கு. நிலாவின் பாதை சூரியன் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளைத்தான் நம் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. பௌர்ணமி நேரத்தில் நிலா அதில் ஒன்றின் பக்கத்தில் இருந்தால்தான் கிரகணம். 223 மாதத்தில் இந்தச் சேர்க்கை கிட்டத்தட்ட அப்படியே மறுபடி அமைகிறது. ஒரே சிக்கல், முழு நாட்கள் போக 8 மணி நேரம் மிச்சம் விழுகிறது. அதற்குள் பூமி மூன்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், அடுத்த கிரகணத்தின்போது பாபிலோனில் பகலாகக்கூட இருக்கலாம்.

இப்படி நாள் குறித்துச் சொல்லத் தெரிந்த பிறகும், உருக் நகரக் கோயிலில் கிரகணத்தன்று வெண்கல முரசை எடுத்து அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.