பணக்காரருக்கு வரி கூட்டலாமா? இப்போது யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று முதலில் பார்ப்போம்

2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் வாரிசு வரிப் பேச்சு கிளம்பியதிலிருந்து, கொங்கு நாட்டில் நாலு பேர் கூடும் இடத்தில் இந்த வாதம் ஓயவில்லை. "இருக்கிறவங்ககிட்ட வாங்கட்டுமே" என்பார் ஒருவர். "வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்ததுங்க, அதையும் புடுங்கோணுமா?" என்பார் இன்னொருவர். இருவரும் வரி விகிதத்தை வைத்தே பேசுகிறார்கள். ஆனால் ஒருவர் கட்டும் வரியை விகிதத்தைவிட அதிகமாக முடிவு செய்வது, அவருக்குப் பணம் எந்த வழியில் வந்தது என்பதுதான்.

முதலில் விகிதம். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வருமான வரி முறையில், ஆண்டுக்கு ரூ. 12 லட்சம் வரை சாதாரண வருமானம் உள்ள தனிநபருக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு சேர்ந்து ரூ. 12.75 லட்சம். அதற்கு மேல் போனால் படிப்படியாக ஏறி, ரூ. 24 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 30 சதவீதம். வருமானம் ரூ. 50 லட்சத்தைத் தாண்டினால் அந்த வரியின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் என்னும் கூடுதல் வரி, ஒரு கோடியைத் தாண்டினால் 15, இரண்டு கோடியைத் தாண்டினால் 25. எல்லாவற்றின் மேலும் 4 சதவீத செஸ், அதாவது மேல்வரி. ஆக உச்சத்தில் இருப்பவருக்கு 39 சதவீதம். ஐந்து கோடிக்கு மேல் 37 சதவீத சர்சார்ஜ் இருந்தது. புதிய முறைக்கு வருபவர்களுக்கு 2023 பட்ஜெட் அதை 25 ஆகக் குறைத்தது.

இப்போது ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் வருமானமுள்ள மூவரை எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் வேறு வருமானம் இல்லை.

முதலாமவர் கோவையில் ஒரு கம்பெனியின் மேலாளர். ஒரு கோடியும் சம்பளம். அவர் கட்டுவது சுமார் ரூ. 29.26 லட்சம். இரண்டாமவர் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளைச் சந்தையில் விற்று ஒரு கோடி லாபம் பார்த்தவர். இப்படிச் சொத்தை விற்று வரும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம்தான் வரி, முதல் ரூ. 1.25 லட்சத்துக்கு அதுவும் கிடையாது. சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து சுமார் ரூ. 13.55 லட்சத்தோடு முடிந்தது. மூன்றாமவருக்குப் பொள்ளாச்சி பக்கம் பெரிய தென்னந்தோப்பு. ஒரு கோடியும் தேங்காயில் வந்தது. அவர் கட்டும் வருமான வரி பூஜ்யம்.

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போட முடியாது. அரசியலமைப்பு அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. தோப்புக்காரருக்கு வேறு வருமானமும் இருந்தால், அந்த வருமானத்துக்கான விகிதத்தைக் கணக்கிட மட்டும் விவசாய வருமானத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஆனால் எது விவசாயம் என்பதிலேயே நம் பகுதியில் குழப்பம் உண்டு. ஈரோட்டு மஞ்சள் விவசாயம். நாமக்கல் கோழிப்பண்ணை விவசாயம் ஆகாது; அந்த லாபத்துக்கு வரி உண்டு. வால்பாறையில் தேயிலை வளர்த்து, தூளாக்கி விற்கும் நிறுவனத்தின் லாபத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில்.

காட்டை, அதாவது விவசாய நிலத்தை, விற்ற பணத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. ஊர் எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளந்து, குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரம் என்றால் 8 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 6, பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை 2. கோவையைச் சுற்றி நில விலை போகும் போக்கைப் பார்த்தால், இந்தக் கோட்டுக்கு வெளியே பத்து ஏக்கர் வைத்திருந்தவருக்குக் கிடைத்த சலுகை எவ்வளவு பெரியது என்று புரியும். அதே காட்டை அவரே சைட் பிரித்து விற்றால் கதை வேறு. வியாபார வருமானம் என்று கேள்வி வரும்.

சரி, சொத்து கைமாறும்போது? எனக்கு அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். அப்பா மகனுக்கு ரூ. 50 கோடி சொத்தைச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் வருமான வரி இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு ரூ. 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு ரூ. 10,000. எத்தனை கோடி ஆனாலும் அதற்கு மேல் போகாது. அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி ரூ. 15 லட்சத்துக்குச் சைட் வாங்கினால் 7 சதவீதத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம், ஆக ரூ. 1.35 லட்சம். குடும்பத்துக்குள் கொடுப்பது வியாபாரம் இல்லை என்பது சரியான வாதம்தான். ஆனால் ஐம்பது லட்சத்துக்கும் ஐம்பது கோடிக்கும் ஒரே கட்டணம் என்பதற்கு அந்த வாதம் போதாது.

அந்தத் தொழிலாளி வருமான வரி வரம்புக்குள் வரமாட்டார். அதனால் அவர் வரியே கட்டுவதில்லை என்று பேசுவது அபத்தம். சோப்புக்கு 5 சதவீதம், செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம் என்று ஜி.எஸ்.டி. கட்டுகிறார். முதலாளி கட்டும் அதே விகிதம்.

பணக்காரர் சொத்துக்கு வரி விஷயத்தில் முன்பு இப்படி இல்லை. 1953-இல் வந்த எஸ்டேட் வரி, ஒருவர் இறந்தபின் விட்டுச்சென்ற சொத்தில் 85 சதவீதம் வரை கேட்டது. வசூல் என்னவோ ஆண்டுக்குச் சுமார் ரூ. 20 கோடிதான், 1985-இல் வி.பி. சிங் எடுத்துவிட்டார். ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மேல் 1957-இல் வந்த சொத்து வரியும் (வெல்த் டாக்ஸ்) 2013-14-இல் ரூ. 1,008 கோடியே தந்தது. 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி நீக்கினார். வருமான வரி 1973-74-இல் உச்சத்தில் 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டே கால் மிஞ்சும் என்றால் யார் ஒழுங்காகக் கணக்குக் காட்டுவார்கள்? 1976-இல் உச்ச விகிதத்தை 77-லிருந்து 66 ஆகக் குறைத்த நிதியமைச்சர், பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம்.

வரி கூட்டக் கூடாது என்போரின் பலமான சான்று இந்த வரலாறுதான். அதேசமயம் ஏற்றத்தாழ்வும் கற்பனை இல்லை. பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்டோர் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23-இல் நாட்டின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் கையில் இருந்தது. ரூ. 10 கோடிக்கு மேற்பட்ட நிகர சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதம், அந்த அளவைத் தாண்டிய வாரிசுச் சொத்துக்கு 33 சதவீதம் என்று அவர்கள் ஒரு யோசனையும் வைத்தார்கள்.

இதில் ஆண்டுதோறும் சொத்துக்கு வரி என்பது நம் ஊருக்குச் சிக்கலானது. திருப்பூர் ஏற்றுமதியாளரின் சொத்து இயந்திரமாகவும் கட்டடமாகவும் இருக்கிறது. ஆர்டர் குறைந்த வருஷமும் அதே 2 சதவீதத்தைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். சம்பள வரியை இன்னும் ஏற்றுவதிலும் நியாயம் தெரியவில்லை. சம்பளக்காரர்தான் ஏற்கெனவே முழுக் கணக்கில் இருக்கிறார். பங்கு லாபத்துக்கும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதும், மிகப் பெரிய வாரிசுச் சொத்துகளுக்கு மட்டும் மிதமான ஒரு வரியும்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. சாதாரணத் தோட்டத்துக்காரரும் தறிக்காரரும் அதில் சிக்காதபடி வரம்பு உயரமாக இருக்க வேண்டும்.

எந்தப் பெயரில் வாங்குகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வருமான வரியின் அடிப்படை விகிதத்தை ஏற்றினால், 2021-26 காலத்துக்கான பங்கீட்டின்படி பகிர்வுக்குரிய தொகையில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போகும். அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். சர்சார்ஜையோ செஸ்ஸையோ ஏற்றினால் பங்கீடு கிடையாது, அத்தனையும் மத்திய அரசுக்கே. விவசாய வருமானத்துக்கு வரி என்றால் அது சென்னைச் சட்டமன்றத்தின் வேலை. ஆயிரம் தென்னைக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று சொல்லிப் பார்க்கக்கூட, கொங்கு மண்டலத்தில் ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வராது.