தடைக்காலம் முடிந்தால் பிரேக் டிரம் கழலாது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் பெட்டி ஏற்றும் பழைய பிக்கப்புகளும் அதுவரை ஹேண்ட் பிரேக் போட்டபடி வாசலில் நிற்கும். தடை முடிந்த வாரம் எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் பின்சக்கரம் இறுகிய வண்டிகள்தான்.

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் முப்பது வருஷத்து வண்டியைக் கட்டி இழுத்து வந்தார். "ரெண்டு நாளா சம்மட்டியால அடிச்சேண்ணே, அசையல." பார்த்தேன். சக்கரத்துக்குள் பிரேக்கை மூடியிருக்கும் சட்டி மாதிரியான டிரம்மின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டைக் காணோம். டிரம் வார்ப்பிரும்பு, ஓங்கி அடித்தால் வளைந்து கொடுக்காது, உடையும்.

எது பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் விடுவித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்றவே இல்லையென்றால் லைனர் (டிரம்மின் உள்பக்கம் அழுத்தும் பிரேக் ஷூவின் உரசும் பட்டை) டிரம்மோடு ஒட்டியிருக்கும், அல்லது கேபிள் துருவேறி இறுகியிருக்கும். சுற்றுகிறது, ஆனால் டிரம் கொஞ்சம் வெளியே வந்து நின்றுவிடுகிறதா? ஷூ தேய்த்த பள்ளத்தின் விளிம்பு தடுக்கிறது. பின்தட்டில் உள்ள துளை வழியாக, ஷூ இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் போதும். சுற்றியும் துளிகூட வரவில்லையா? டிரம் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) உட்காரும் நடுத்துளையில் துரு. நம் ஊரில் பெரும்பாலும் இதுதான். பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் நேராகச் சக்கரத்தில்தானே விழுகிறது!

துருவுக்கு மருந்து பொறுமை. டிரம்மைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ இருந்தால் கழற்றிவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை நடுத்துளையைச் சுற்றியும் ஸ்டட் (வீல் நட்டு ஏறும் போல்ட்) ஓரங்களிலும் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். லைனரில் மட்டும் படக்கூடாது. காலையில் ஸ்டட்டுகளுக்கு நடுவே, முகப்பில், சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். டிரம்மில் மரையுள்ள துளை இரண்டு இருந்தால் போல்ட் போட்டு, மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முடுக்குங்கள். கேஸ் வைத்துச் சுட வேண்டாம். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கருகும், கசியும் பிரேக் ஆயில் தீப்பிடிக்கும். சில பழைய ஜீப்புகளில் டிரம்மும் ஹப்பும் சேர்ந்து கூம்பு ஆக்சிலில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் கை வைக்காதீர்கள்.

கழன்றதும் காற்றடித்துத் தூசியை ஊதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

மாட்டும்போது ஹப் பொருந்தும் இடத்தை எமரியால் தேய்த்து, கிரீஸை லேசாகத் தடவினால் அடுத்த முறை சுலபம். ஷூ உரசும் பக்கம் கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது. அடுத்த தடைக்காலத்தில் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நிறுத்துமுன் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, கொஞ்ச தூரம் பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டி உலர்த்துங்கள்.

தம்பியின் இன்னொரு பக்க டிரம்முக்கு ராத்திரி எண்ணெய் விட்டேன். காலையில் பத்துப் பன்னிரண்டு தட்டு. மந்தமாகக் கேட்ட சத்தம் சட்டென்று 'டங்' என்று மாறியது. அப்புறம் கையாலேயே வந்துவிட்டது.