வாலைத் தானே கடித்துக்கொள்ளும் ஃபைட்டர்: மருந்து ஊற்றுவதற்கு முன்

"ராத்திரி படுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். காலையில பார்த்தா வால்ல பாதியைக் காணோம்."

வளர்ப்பு மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. போன கோடையில் இதைச் சொன்னவர், பத்து வயது மகனோடு வந்த ஒரு அம்மா. பையன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த கண்ணாடி ஜாடிக்குள் நீல நிற ஹாஃப்மூன் ஃபைட்டர் ஒன்று அடியில் ஒதுங்கிக் கிடந்தது. ஜாடித் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்து மூன்று நாளாகக் கொட்டியிருக்கிறார்கள். "வால் அழுகல்னு சொன்னாங்க" என்றார் அந்த அம்மா.

அது அழுகல் இல்லை. மீன் தன் வாலைத் தானே கடித்திருக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி மீன்களை வீட்டிலேயே காப்பாற்றிவிடலாம். அழுகல் மெதுவாக வரும். துடுப்பின் ஓரம் கறுத்தோ சிவந்தோ வெளுத்தோ போய், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கடி அப்படி வராது. ஒரே இரவில், சில நேரம் ஒரு மணி நேரத்தில், பிஸ்கட்டைக் கடித்தது போல அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போகும். ஓரம் சுத்தமாக இருக்கும், நிறம் மாறியிருக்காது. வாய் எட்டும் இடமான வாலில்தான் பெரும்பாலும் கடி விழும். இன்னொரு வகையும் உண்டு: துடுப்பு நரம்பின் வாக்கில் நேர்கோடாகக் கிழிந்திருந்தால், பிளாஸ்டிக் செடியிலோ கூரான கல்லிலோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். பழைய நைலான் துணி ஒன்றை அந்த அலங்காரப் பொருள் மேல் இழுத்துப் பாருங்கள். துணி மாட்டினால் வாலும் மாட்டும்.

ஃபைட்டர் என்றும் பீட்டா என்றும் சொல்லும் இந்த மீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதன் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கத்து நெல்வயல்களும் சதுப்புகளும். அங்கே இதற்கு 'பிளா காட்' என்று பெயர், கடிக்கும் மீன் என்று பொருள். 2019இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கு இருப்பது போலவே, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு இதற்கும் தலைக்குள் இருக்கிறது. அதனால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துப் பிழைத்துக்கொள்ளும். அந்தத் திறமையே இதற்கு வினையாகிவிட்டது. சின்னக் கிண்ணத்திலும் சாகாமல் இருக்கிறதே, அப்போது அது போதும் என்று நாம் நினைத்துவிட்டோம். சாகாமல் இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு.

இயற்கையில் வாழும் பீட்டாவுக்கு வால் குட்டை. ஹாஃப்மூன் என்பது மனிதன் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. வாலை விரித்தால் 180 டிகிரி, அதாவது முழு அரைவட்டம். ரோஸ்டெயில் வகையில் நரம்புகள் இன்னும் பல கிளைகளாகப் பிரிந்து, வால் மடிப்பு மடிப்பாகக் கனத்துத் தொங்கும். பார்க்க அழகுதான். ஆனால் ஈரப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நீந்துவது போன்ற பாடு அந்த மீனுக்கு. என்னிடம் வரும் கடி கேஸ்களில் பெரும்பாலானவை இந்த நீள வால் ஆண் மீன்கள். குட்டை வால் பிளாகாட் வகையில் இதை அரிதாகத்தான் பார்க்கிறேன். முதல்முறை வளர்ப்பவர் கேட்டால் நான் பிளாகாட்டைத்தான் சொல்வேன்.

சரி, பையனின் மீனுக்கு வருவோம். "ஜாடியை எங்கே வச்சிருக்கே?" என்று கேட்டேன். படுக்கையறையில், அவன் கட்டில் பக்கத்தில். "ராத்திரி லைட்டு?" அம்மா தயங்கிச் சொன்னார்: "இவனுக்கு இருட்டுன்னா பயம். அதனால மீன் லைட்டை மட்டும் போட்டே வச்சிருப்போம்."

கடிக்கு முக்கியமான காரணம் அங்கேதான் இருந்தது. அறை இருட்டாகவும் ஜாடிக்குள் வெளிச்சமாகவும் இருந்தால், உள்ளே இருந்து பார்க்கும் மீனுக்குக் கண்ணாடி முழுதும் முகம் பார்க்கும் கண்ணாடிதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொரு ஆண் மீன் நிற்கிறது. செவுளை விரித்து, துடுப்பை விறைத்து, இரவெல்லாம் இல்லாத எதிரியோடு மல்லுக்கு நின்றிருக்கிறது. விரட்டினால் ஓடாத எதிரி, ஒளிந்துகொள்ள ஒரு செடிகூட இல்லாத ஜாடி. கடைசியில் தன் வாலையே கடிக்கிறது. போதாததற்கு இரவில் அறை ஏசி 22 டிகிரியில் ஓடியிருக்கிறது, பகலில் அதே அறை 33. நாலு லிட்டர் தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்கும்? அறையோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கியிருக்கிறது. பீட்டாவுக்கு 24 முதல் 28 டிகிரி வரை சீராக இருக்க வேண்டும். ஏசி அறை என்றால் தெர்மோஸ்டாட் உள்ள சின்ன ஹீட்டர் அவசியம். சென்னையில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள்.

அப்புறம் தண்ணீர். ஞாயிறுதோறும் ஜாடியைத் தேய்த்துக் கழுவி, முழுத் தண்ணீரையும் மாற்றி, கேன் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னார்கள். ரொம்ப நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் மீன் வெளியேற்றும் அம்மோனியாவைத் தின்று தண்ணீரைக் காப்பவை, ஃபில்டரிலும் கல்லிலும் ஒட்டி வளரும் பாக்டீரியாக்கள். அவை நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினால் அவை எங்கே வளரும்? போதாதென்று ஆன்டிபயாடிக் வேறு அவற்றையும் கொன்றுவிடக்கூடும். கடித்த வாலுக்கு அந்தக் கேப்ஸ்யூல் ஒன்றுமே செய்யாது, புண்ணோடு இருக்கும் மீனை அம்மோனியாவில் ஊற வைப்பதுதான் மிச்சம். தயவுசெய்து சந்தேகத்துக்கு ஆன்டிபயாடிக் கொட்டாதீர்கள். கேன் தண்ணீரிலும் ஒரு சிக்கல் உண்டு. அது பெரும்பாலும் ஆர்.ஓ.வில் சுத்திகரித்தது. அதில் தாது உப்பு மிகக் குறைவு என்பதால் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை, நிலையாக நிற்காது. மெட்ரோ தண்ணீரை வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்தோ, குளோரின் நீக்கும் சொட்டு விட்டோ பயன்படுத்தலாம். போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, ஆனாலும் படிப்படியாகப் பழகினால் பீட்டா தாங்கும். அது தாங்காதது திடீர் மாற்றத்தைத்தான்.

நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். இருபது லிட்டர் தொட்டி, மூடியோடு. ஸ்பாஞ்ச் ஃபில்டர், காற்று வால்வைக் குறைத்து வைத்து. மூன்று பக்கம் வெளியே கறுப்புக் காகிதம். இரவில் விளக்கு கட்டாயம் அணைக்க வேண்டும், பையனுக்குத் தனி விடிவிளக்கு. உள்ளே மெல்லிய இலைச் செடிகள், நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து ஓய்வெடுக்க ஒரு அகல இலை. முதல் சில வாரம் இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றம், டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் இன்னொரு நச்சான நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகு வாரம் ஒருமுறை. புண்ணுக்கு, லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் அயோடின் சேர்க்காத உப்பைத் தனியாகக் கரைத்து ஒரு வாரம், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் நம் தெருவோர நாட்டு பாதாம் மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலை ஒன்று. வாகனப் புகை படாத இடத்தில் எடுத்து, கழுவிப் போட வேண்டும். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், பயப்படாதீர்கள். வெளிச்சம் மட்டுப்பட்டு மீன் அமைதியாகும்.

பையனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினமும் காலையும் மாலையும் வாலைப் பார்த்து நோட்டில் படம் வரைய வேண்டும். எப்போது கடிக்கிறது என்று தெரிந்தால்தான் எதனால் என்று தெரியும். துடுப்பை மடக்கி வைத்திருக்கிறதா, நிறம் மங்குகிறதா, கண்ணாடி ஓரமாக ஓயாமல் மேலும் கீழும் போகிறதா, இரையைத் துப்புகிறதா, இதெல்லாமும் எழுதச் சொன்னேன். கடிக்கு முன்னால் வரும் அறிகுறிகள் இவை. வாலின் அடிப்பகுதி சிவந்தாலோ, பஞ்சு போல வெள்ளை படிந்தாலோ, செதில்கள் தூக்கி நின்றாலோ, அன்றைக்கே கொண்டுவரச் சொன்னேன். அப்போதுதான் மருந்தைப் பற்றிய பேச்சு.

மூன்றாவது வாரம் நோட்டோடு வந்தான். வால் ஓரத்தில் கண்ணாடி போல நிறமில்லாத புதுச் சவ்வு வளர்ந்திருந்தது. அதை நோய் என்று நினைத்து மறுபடி மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அது புது வால், நிறம் பின்னால் ஏறும். ஆனால் பதினாறாம் நாள் படத்தில் மட்டும் ஒரு சின்னக் கடி. "அன்னைக்கு என்ன ஆச்சு?" என்றேன். முந்தின பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். 'அப்பா ஃபில்டர் கழுவினார்' என்று எழுதியிருந்தான். கழுவி மாட்டும்போது வால்வை முழுதாகத் திறந்துவிட்டிருக்கிறார். அந்தக் கனத்த வாலோடு நீரோட்டத்தை எதிர்த்து ஒரு நாள் முழுக்க நீந்தியிருக்கிறது.

எல்லா மீனும் இப்படி மீண்டுவிடுவதில்லை. பல மாதம் பழகிப்போன சில மீன்கள், எல்லாம் சரிசெய்த பிறகும் எப்போதாவது கடிக்கும். தண்ணீர் சுத்தமாக இருக்கும்வரை அதனால் உயிருக்கு ஆபத்தில்லை, வால் கொஞ்சம் குட்டையாகவே இருக்கும். அந்தப் பையனிடமும் இதைச் சொன்னேன். "பரவாயில்ல டாக்டர், குட்டை வால்லதான் வேகமா நீந்துது" என்றான்.